40 செண்ட் தேயிலையை விற்கும் முன்

கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு வயது 61, ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. இரண்டு வருடத்துக்கு முன் பெரிய மாரடைப்பு வந்து, கோவையில் இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பும்போது ‘பம்பிங்’, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 32 சதவீதம். நான்கு மாதத்துக்கு முன் எடுத்த எக்கோவில் 28. இப்போது தோட்டத்து மேட்டில் கொஞ்சம் ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிறார். இரவில் இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை. மாலையானால் காலில் வீக்கம்.

இந்த நிலையில் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. பெருநகரம் ஒன்றில் உள்ள கிளினிக், இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து அப்பாவின் சொந்த ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) எடுத்து, லேபில் பெருக்கி, மூன்று தவணையாகக் கையில் டிரிப் வழியே ஏற்றுவதாகச் சொல்கிறது. மொத்தம் 6,30,000 ரூபாய். ‘ரத்தக்குழாய் புதிதாக முளைக்கும், 90 சதவீதம் வெற்றி, சொந்த செல் என்பதால் பக்கவிளைவு கிடையாது, பிறகு மாத்திரையே வேண்டாம், அரசிடம் பதிவு செய்த சிகிச்சை’ என்பது அவர்கள் பேச்சு. வாசகி 50,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார். மீதிக்கு 40 செண்ட் தேயிலையை விற்கலாமா, அப்பாவை மலையை விட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிடலாமா என்று கேட்கிறார். மருந்துச் சீட்டு, எக்கோ, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, கிளினிக்கின் துண்டறிக்கை எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நிலத்தை விற்க வேண்டாம். இரண்டாம் தவணையும் கட்ட வேண்டாம். நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டைப் பார்த்தால், பலன் நிரூபணமான சிகிச்சையே உங்கள் அப்பாவுக்கு இன்னும் பாதிதான் கிடைத்திருக்கிறது. மீதிப் பாதி மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதற்கு நிலம் விற்க வேண்டியதில்லை.

முதலில் ஸ்டெம் செல்லை முடித்துவிடுவோம், உங்கள் மனம் அங்கேதான் இருக்கிறது.

ரத்தக்குழாய் முளைக்குமா?

இதயத்தின் இடது கீழறையில் ஏறக்குறைய 200 முதல் 400 கோடி தசைச் செல்கள் இருக்கும். பெரிய மாரடைப்பில் 100 கோடி வரை செத்துப்போகும். நடு வயதில் இதயம் தானாகப் புதுப்பித்துக்கொள்வது ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. செத்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். அந்தத் தழும்பை மறுபடி தசையாக்கிவிடலாம் என்ற நம்பிக்கை 2001-ல் பெரிதாகக் கிளம்பியது. எலும்பு மஜ்ஜை செல்கள் எலியின் இதயத்தில் தசையாகவும் ரத்தக்குழாயாகவும் மாறின என்று ஆய்வாளர் பியெரோ அன்வெர்சாவின் குழு அறிவித்தது. 2004-லேயே வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்து, அப்படி எதுவும் மாறவில்லை என்றன. 2018-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் அதன் இணைப்பு மருத்துவமனையும் அதே அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லின. தரவுகளில் பொய் கலந்திருந்ததே காரணம். கிளினிக்கின் துண்டறிக்கையில் இருக்கும் அந்த வண்ணப்படம், அதாவது செல் போய் ஒட்டிக்கொண்டு தசையாக மாறுவது, அந்தக் காலத்துக் கதை.

அதற்காக எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. நேர்மையான ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. ஏற்றிய செல்கள் தசையாக மாறுவதில்லை, ஆனால் அவை சுரக்கும் பொருட்கள் அழற்சியைக் குறைக்கலாம், நுண்ணிய தந்துகிகள் வளரத் தூண்டலாம் என்பது இப்போதைய எண்ணம். 2023-ல் வெளியான ட்ரீம் எச்.எஃப். ஆய்வில் உங்கள் அப்பாவைப் போன்ற 500-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுக்குச் செல்லை நேராக இதயத் தசையிலேயே ஊசியால் செலுத்தினார்கள், கையில் டிரிப் போடவில்லை. இதயச் செயலிழப்பு (உங்கள் அப்பாவுக்கு இருப்பது போல, இதயம் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் போவது) முற்றி மருத்துவமனையில் சேர்வது குறையவில்லை. எந்தக் கேள்விக்காக ஆய்வு நடந்ததோ அதற்குப் பதில் ‘இல்லை’. மாரடைப்பும் பக்கவாதமும் ஓரளவு குறைந்ததாக உபரிக் கணக்கில் தெரிந்தது. அது இன்னொரு ஆய்வில் உறுதிப்பட வேண்டும். ஐரோப்பாவில் மாரடைப்பு வந்த 3,000 பேரைச் சேர்த்து மஜ்ஜை செல்லைச் சோதிக்கத் திட்டமிட்ட பாமி ஆய்வு 375 பேரோடு நின்றுபோனது, 2020-ல் வந்த அதன் முடிவிலிருந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஜப்பானில் 2020 முதல் ஆய்வகத்தில் வளர்த்த இதயத் தசைத் தாள்களை நெஞ்சைத் திறந்து ஒட்டிப் பார்க்கிறார்கள். ஆக, 90 சதவீத வெற்றி எந்தப் பெரிய ஆய்விலும் வந்ததில்லை.

கை நரம்பில் ஏற்றுவதில் இன்னொரு சிக்கல். மஜ்ஜையிலிருந்து எடுத்து லேபில் பெருக்கும் இந்த வகைச் செல்லின் குறுக்களவு பெரும்பாலும் 15 மைக்ரானுக்கு மேல். நுரையீரலின் நுண்குழாய் 8 மைக்ரான் சுமார். கையில் ஏற்றினால் முதலில் வழியில் நிற்பது நுரையீரல். பெரும்பகுதி அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும். இதயத்துக்குள் நேரே செலுத்தினாலும் சில மணி நேரத்தில் பெரும்பாலானவை கழுவிக்கொண்டு போய்விடுகின்றன. அடைத்த பெரிய குழாயைத் திறக்கவோ, ஸ்டென்ட் வைத்த இடத்தில் புதுக் குழாய் போடவோ எந்த ஸ்டெம் செல்லாலும் முடியாது.

‘பம்பிங் 28-லிருந்து 35’ என்று அவர்கள் காட்டும் இரண்டு எக்கோ படங்களையும் பார்த்தேன். ஒரே நோயாளிக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேர் எக்கோ எடுத்தாலே 5 முதல் 7 புள்ளி வித்தியாசம் வரும். ஒருவர் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்வார், இன்னொருவர் கோடு வரைந்து கணக்கிடுவார். அந்தப் படங்களில் முறை எது என்று குறிப்பில்லை. உங்கள் அப்பாவின் 32-க்கும் 28-க்கும் இடையிலான வித்தியாசமும் இதற்குள் அடங்கும். ஆனாலும் மூச்சு வாங்குவது கூடியிருப்பதால் அதைப் பொருட்படுத்தத்தான் வேண்டும்.

‘சொந்த செல், ஆபத்தில்லை’

இந்த ஒரு வரிதான் பலரை ஏமாற்றுகிறது. தொடைத் தசையிலிருந்து நோயாளியின் சொந்தச் செல்லை எடுத்து இதயத்தில் வைத்துப் பார்த்தார்கள்; 2008-ல் வந்த மேஜிக் ஆய்வில் பம்பிங் கூடவில்லை, ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் தலைகாட்டின. செல் சொந்தம்தான். ஆனால் வாரக்கணக்கில் வெளியே தட்டில் வளர்த்த செல் வேறு. வளர்க்கும் திரவம், அதில் புகும் கிருமி, உறைபதனப் பொருள் எல்லாம் சேர்ந்தே உள்ளே போகும். மஜ்ஜை எடுப்பதற்கு முன் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டென்ட் உள்ளவர் அதைத் தன் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டிலேயே ரத்தம் உறையலாம். எல்லாவற்றுக்கும் மேலே ‘மாத்திரை வேண்டாம்’ என்ற பேச்சு. அதை நம்பி மருந்தை நிறுத்தியவர் சில வாரங்களில் நுரையீரலில் நீர் கோத்து அவசரப் பிரிவுக்கு வருவார். அப்பா இப்போதே சில நாள் மாத்திரையை விடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊசி கிடைக்கப் போகிறது என்ற நினைப்பில்தான் விடுகிறார் என்று தோன்றுகிறது. இன்றிலிருந்தே ஒரு நாள்கூட விடாமல் மாத்திரையைப் போடட்டும்.

பணம் கேட்டாலே சந்தேகப்படுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் ஆராய்ச்சி, அதை அனுமதி பெற்ற ஆய்வில்தான் செய்யலாம், ஆய்வில் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. 2019-ன் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகள் ஸ்டெம் செல்லிலிருந்து செய்ததை எப்போதும் ‘புதிய மருந்து’ என்றே வைக்கின்றன. கால் ரத்தக்குழாய் அடைக்கும் பர்ஜர் நோய்க்கு இந்தியாவில் ஒரு செல் மருந்து 2016-ல் வரம்புக்குட்பட்ட அனுமதி பெற்றது. கிளினிக்கார் அதைக் காட்டி ‘ரத்தக்குழாய்க்கு அனுமதி உண்டு’ என்று சொல்லக்கூடும். அது காலுக்கு, அந்த ஒரு மருந்துக்கு. இதயத்துக்கு அப்படி ஒன்று இல்லை.

‘அரசிடம் பதிவு’ என்று அவர்கள் சொல்வது சி.டி.ஆர்.ஐ. எனும் ஆய்வுப் பதிவேடு. அதில் பதிவது வேறு, அனுமதி வேறு. பதிவேடு இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. உங்களுக்குக் காட்டிய எண்ணைத் தட்டிப் பாருங்கள்: அந்த எண் இதய நோய்க்கானதா, உங்கள் கிளினிக்கின் பெயர் ஆய்வு நடக்கும் இடங்களில் இருக்கிறதா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா, மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையின் அனுமதி என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய ரசீதில் ‘ஸ்டெம் செல் பேக்கேஜ்’ என்று அச்சாகியிருக்கிறது. ஆய்வுக்குப் பேக்கேஜ் கிடையாது. உண்மையான ஆய்வில் தமிழில் தகவல் தாள் தருவார்கள், ஆய்வால் உடலுக்குத் தீங்கு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம், பதிவுத் தபாலில் கேளுங்கள். ரசீது நகல், பேசிய வாட்ஸப் செய்திகள், வீடியோ எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். தரவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், அல்லது ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இதய நோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ன் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதையும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி பல நேரம் பணத்தைத் திருப்பித் தர வைக்கும்.

சீட்டில் இல்லாத மாத்திரைகள்

இதயச் செயலிழப்புக்கு இன்று நான்கு வகை மருந்துகள் அடிப்படை. அப்பாவின் சீட்டில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின், ராமிப்ரில் 2.5, மெட்டோப்ரோலால் 25, ஃப்யூரோசமைட் 40 இருக்கின்றன. இரண்டு வருடமாக ஒன்றும் மாறவில்லை. நான்கில் இரண்டு வகை (ராமிப்ரில், மெட்டோப்ரோலால்) ஆரம்ப அளவில் நிற்கின்றன, மற்ற இரண்டு இல்லவே இல்லை. பிரஷர் 116/74, நாடித்துடிப்பு 84, பொட்டாசியம் 4.4, கிரியேட்டினின் 1.1. மருந்தைக் கூட்டத் தாராளமாக இடமிருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

ராமிப்ரிலுக்குப் பதில் சகுபிட்ரில்-வால்சார்ட்டன். இரண்டையும் ஒன்றாகப் போடவே கூடாது. ராமிப்ரிலை நிறுத்தி 36 மணி நேரம் கழித்துத்தான் இதைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கலாம். பழைய ராமிப்ரில் அட்டை வீட்டில் இருந்தால் எடுத்து அப்புறப்படுத்துங்கள், தவறிப் போட்டுவிடுவார். முன்பு விலை எட்டாத மருந்து இது. 2023-ல் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் செய்யத் தொடங்கியபின் இறங்கிவிட்டது.

ஸ்பைரனோலாக்டோன் 25. 1999-ல் வந்த ஆய்விலேயே மரணத்தை 30 சதவீதம் குறைத்த பழைய, மலிவான மாத்திரை. ஏன் சீட்டில் இல்லை என்று எனக்கே புரியவில்லை. இதைத் தொடங்கினால் ஒரு வாரத்திலும் நான்கு வாரத்திலும் பொட்டாசியம் பார்க்க வேண்டும், 5.5-ஐத் தாண்டினால் அளவைப் பாதியாக்குவார்கள், 6-ஐத் தாண்டினால் நிறுத்துவார்கள்.

டாபாக்ளிஃப்ளோசின் 10, அல்லது எம்பாக்ளிஃப்ளோசின் 10. சுகர் மாத்திரை ஆயிற்றே, அப்பாவுக்குச் சுகர் இல்லையே என்பீர்கள். சுகர் இல்லாதவர்களுக்கும் இதயச் செயலிழப்பில் பலன் தருகிறது என்று 2019-லேயே தெரிந்துவிட்டது. அந்தரங்க இடத்தைத் தண்ணீரால் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், பூஞ்சை வரும். வாந்தி, பேதி என்று படுத்தால் அந்த நாட்களில் நிறுத்த வேண்டும்.

மெட்டோப்ரோலால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘சக்சினேட்’ என்றோ ‘எக்ஸ்எல்’ என்றோ இருக்க வேண்டும். ‘டார்ட்ரேட்’ என்றிருந்தால் அது இதே பெயருள்ள வேறு மாத்திரை. செயலிழப்பில் ஆயுளைக் கூட்டியது சக்சினேட்தான். படுத்திருக்கும்போதே 84 துடிப்பு என்றால் அளவு போதவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை படிப்படியாகக் கூட்டி, நாடியும் பிரஷரும் தாங்கினால் 200 வரை போகலாம். கூட்டும் முதல் சில நாள் அசதியாக இருக்கும். அந்த அசதியைப் பார்த்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னும் இரண்டு. ஹீமோகுளோபின் 10.6 என்று இருக்கிறது, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கவில்லை. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த நோயாளிகளுக்கு மாத்திரை சரியாக வேலை செய்யாது, நரம்பு வழி இரும்பு ஏற்றினால் மேடு ஏறும் தெம்பு கூடும். அடுத்து, மூட்டு வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கால் வீக்கத்தில் பாதி அதனால்கூட இருக்கலாம். அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் போடட்டும்.

மூன்று மாதம் இந்த மருந்துகள் முழு அளவில் போன பிறகு எக்கோ எடுங்கள். அப்போதும் பம்பிங் 35-க்குக் கீழே இருந்தால் கருவி பற்றிப் பேச வேண்டும். நீங்கள் அனுப்பிய ஈசிஜியின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் ‘158’ என்று அச்சாகியிருக்கிறது, பக்கத்தில் இடது கிளை அடைப்பு என்றும். துடிப்பின் மின் அலை கீழறைகளில் பரவ எடுக்கும் நேரம் அது, மில்லிவிநாடியில். இதயத்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்காமல் ஒன்று பிந்துகிறது என்று இதற்குப் பொருள். 150-க்கு மேல் இப்படி இருப்பவர்களுக்கு இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் துடிக்க வைக்கும் சி.ஆர்.டி. பேஸ்மேக்கர் நன்றாகப் பலன் தரும். திடீர் மரணத்தைத் தடுக்கும் ஷாக் கருவியும் அதிலேயே சேர்ந்து வரும் வகையும் உண்டு. விலை லட்சங்களில் இருக்கும், ஆனால் செலவழிக்கிற பணத்துக்கு ஆதாரம் இருக்கிறது. முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால், எவ்வளவு ஈடாகும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேளுங்கள்.

ரத்தக்குழாயை உண்மையிலேயே சரிசெய்யும் வழி உண்டா என்றால், அது பழைய பைபாஸ்தான், அதுவும் சிலருக்கு. பம்பிங் 35-க்குள் இருந்த 1,212 பேரில் நடந்த ஆய்வில், பத்து ஆண்டில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 66 சதவீதமும் பைபாஸும் செய்தவர்களில் 59 சதவீதமும் இறந்திருந்தார்கள். இதே நிலையில் கூடுதல் ஸ்டென்ட் வைப்பதால் மருந்தைவிடப் பலன் இல்லை என்று 2022-ல் தெரிந்தது. பழைய ஆஞ்சியோ சிடியைத் தேடி எடுங்கள். மற்ற குழாய்களிலும் அடைப்பு இருந்ததா என்பதை மருத்துவர் அதில்தான் பார்ப்பார்.

மலையை விட்டு இறங்க வேண்டுமா?

வேண்டாம். கோத்தகிரி உயரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் அழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான், ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பு அதற்குப் பழகியது. சமவெளி வெயிலில் நீர் மாத்திரையோடு வியர்த்துப் பிரஷர் இறங்கி மயங்கி விழுவதைவிட இது மேல். மலையில் கவலைப்பட வேண்டியது மேடும் குளிரும். பனி விழும் மார்கழி, தை மாதங்களில் வெயில் ஏறிய பிறகு தோட்டத்துக்குப் போகட்டும். மருந்தடிக்கும் டேங்கை முதுகில் சுமப்பதும் இலை மூட்டை தூக்குவதும் வேண்டாம். சம தரையில் தினம் நடக்கலாம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில்.

கோவைக்குச் செக்கப்புக்குப் போகும் நாளில் பஸ்ஸில் சிறுநீர் முட்டுமே என்று நீர் மாத்திரையையே விட்டுவிடுவது மலைக்காரர்களிடம் வழக்கமாகிவிட்டது. மேட்டுப்பாளையம் இறங்கவே 33 கிலோமீட்டர் வளைவுகள்; பயம் நியாயம்தான். ஆனால் மாத்திரையை விட வேண்டியதில்லை. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆகவே அன்று மட்டும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போடட்டும்.

உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூன் தலைதட்டி, அதுவும் வீட்டுச் சமையல், ஊறுகாய், கருவாடு, அப்பளம், வர்க்கி எல்லாம் சேர்த்து. ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் உப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம், ஸ்பைரனோலாக்டோனோடு சேர்ந்தால் இதயத் துடிப்பையே நிறுத்தும் அளவுக்கு ஏறலாம்.

எடை பார்க்கும் மிஷின் ஒன்று வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், அதே மாதிரி உடையில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். அன்றே மருத்துவரை அழையுங்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார், நெஞ்சு வலி, மயக்கம் என்றால் 108, நேரம் பார்க்க வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது எடை எழுதிய காலண்டர், எல்லா மாத்திரை அட்டைகள், மூட்டு வலி மாத்திரை உட்பட, ஆஞ்சியோ சிடி, ஈசிஜி எல்லாம் ஒரே பையில் போகட்டும். அந்த ஈசிஜி சூட்டில் அச்சாகும் தாள். ஆறு மாதம் பீரோவில் கிடந்தால் அந்த 158 மங்கி மறைந்துவிடும். இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.